பயம் முளைத்த தலை

சங்கவியின் தலைமுடி முதன்முதலாக எழுந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, வாசல் குழாயடியில் அவள் இட்லிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது. காற்று இல்லை. வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. முடி மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோல மொத்தமும் தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. தெருவில் சின்னராசு தேங்காய் லோடு ஏற்றிய லாரியை நகர்த்திக்கொண்டிருந்தார். சங்கவிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அண்ணா, போகாதீங்க!" என்று கத்தினாள். ஏன் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

சின்னராசு இறங்கி வந்தார். அவள் தலை முள்ளம்பன்றி மாதிரி நிற்பதைப் பார்த்தார். ஜாக்கி ராடை எடுத்து டயர் டயராகத் தட்டிக்கொண்டு போனார். பின்பக்க உள் டயர் ஒன்று வயிறு தள்ளி, வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மாற்றி முடித்ததும் சங்கவியின் முடி தானாகப் படிந்து தோளில் விழுந்தது. சின்னராசு ராடைத் துடைத்துக்கொண்டே, "நல்ல முடி அம்முணி" என்றார். போய்விட்டார்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு நாலு மாசத்துக்கு முன்னால் அந்தத் தலையில் முடியே இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் சின்னக்காம்பாளையம். சுற்றிலும் தேங்காய்க் களங்கள். சிமெண்ட் தரை முழுக்கத் தேங்காய்ப் பருப்பு வெள்ளை வெள்ளையாக வெயில் குடித்துக்கொண்டு கிடக்கும். ஊரே எண்ணெய் வாசனை அடிக்கும். நாடு முழுக்க யார் யார் தலைக்கோ எண்ணெய் அனுப்புகிற ஊரில்தான் சங்கவிக்குப் பத்தாவது படிக்கும்போது புழுவெட்டு வந்தது. முதலில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். அப்புறம் இரண்டு. அப்புறம் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. சின்ன வெங்காயம் தேய்த்தார்கள், செம்பருத்தி அரைத்துப் பூசினார்கள், எண்ணெய் ஊற்றாத நாளில்லை. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்து விதிப்படி ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் துப்பட்டாவைத் தலையில் சுற்றி, இரண்டு பக்கமும் ரிப்பனை ஊக்கால் குத்திக்கொண்டு போனாள். பிரேயரில் ஒருநாள் பின்னால் நின்ற ஒருத்தி ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். துப்பட்டா முழுசாக வந்துவிட்டது. அன்றோடு சங்கவி பள்ளிக்கூடம் போகவில்லை. படிப்பும் அவளுக்குப் பெரிதாக வரவில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் நின்றது முடியால்தான்.

அவள் அம்மா மரகதம் நல்லசிவம் களத்தில் தேங்காய் உடைப்பவள். இடது கையில் காயை வைத்து வலது கைக் கொடுவாளால் ஒரே வெட்டில் இரண்டாக்குவாள். தாட்டியான உடம்பு. ஊரில் அவளைவிடப் பயந்தவள் கிடையாது. சங்கவிக்கு நாலு வயதிருக்கும்போது அவள் அப்பா ஓட்டிய லாரி கவிழ்ந்தது. சேதி வந்த அன்று மரகதம் அழவில்லை. அடுப்பங்கரையில் நின்றபடியே ஒரு குண்டாச் சோறு தின்றாள். குழம்பு இல்லை, உப்பு இல்லை, வெறும் சோறு. அதற்கப்புறம் பயம் வந்தபோதெல்லாம் சாப்பிட்டாள். இடி இடித்தால் சாப்பிட்டாள், மகளுக்குக் காய்ச்சல் என்றால் சாப்பிட்டாள், போனில் தெரியாத நம்பர் வந்தால் சாப்பிட்டாள். கேஸ் அடுப்புக்குப் பயம், கட்டுவிரியனுக்குப் பயம், ரோட்டைத் தாண்டப் பயம், எல்லாவற்றையும்விடக் கிணற்றுக்குப் பயம். களத்துக் கிணறு இருக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். பதிமூன்று வருசப் பயம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படித்தான் சங்கவி பிற்பாடு கணக்குப் போட்டாள். டாக்டர் வேறு மாதிரி சொன்னார்.

டாக்டர் ஈரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தார். இளம்பரிதி என்று பெயர். "வயித்துல சின்னதா ஒரு துளை போட்டு, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி, மெஷின்ல சுத்தி, அதை ஊசியில ஏத்தி மண்டைத் தோலுக்கு அடியில வைப்போம். தூங்கிட்டிருக்கற வேரைக் கொழுப்பு எழுப்பி விடும்" என்றார். அப்புறம் சங்கவியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணுகிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா."

"என்ற வயித்துல இருந்து எடுத்துக்கங்க சார்" என்றாள் மரகதம்.

"இன்னொருத்தர் கொழுப்பு ஒட்டாதும்மா. ஒடம்பு வெளிய தள்ளிரும்."

"இதே ஒடம்பு இவளைப் பத்து மாசம் உள்ள வச்சிருந்துச்சுங்களே சார். அப்பத் தள்ளலையே?"

டாக்டர் முடியாது என்றார். மரகதம் மறுநாளும் தூக்குப்போசியோடு வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்தாள். நாலாம் நாள் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மரகதம் மகளைக் குலதெய்வம் காட்டுநாச்சியிடம் கூட்டிப்போனாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆத்தா, எம்புள்ளைக்கு முடி முளைச்சா, முளைச்ச முடியை மொத்தமா உனக்கே எறக்கிர்றேன்" என்று வேண்டிக்கொண்டாள்.

சங்கவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, முளைச்சா சிரைச்சுருவேன்னா அப்பறம் எதுக்கு முளைக்கோணும்?"

"பேசாத இரு. பெருசா வேண்டிக்கோணும்னு நெனச்சேன், அது வாயில வந்துருச்சு."

"மாத்தி வேண்டிக்க."

"சாமிகிட்டச் சொன்னதை மாத்தறதா? கண்ணை நோண்டிப் போடும்." கோயிலை விட்டு வந்ததும் மரகதம் ஒரு பொட்டலம் பொரியைத் தின்று தீர்த்தாள்.

ஒன்பதாம் நாள் முடி வந்தது. முதலில் தேங்காய் நார் மாதிரி செம்பட்டையாக, பிறகு கறுப்பாக, ஒரு மாசத்தில் காதுக்கு, மூன்று மாசத்தில் தோளுக்கு. சங்கவி கண்ணாடியை விட்டு நகரவில்லை. நாலாம் மாசம் அது எழுந்து நின்றது.

லாரி டயருக்கு அப்புறம் பேபியக்கா வீட்டுக் கேஸ் டியூப். பேபியக்கா பக்கத்து வீடு, தட்டு நிறைய வடகத்தோடு வந்தவளின் பக்கம் முடி நீட்டி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் டியூப் எலி கடித்துக் கிடந்தது. அப்புறம் பால்காரரின் நெஞ்சுவலி. அப்புறம் தென்னை ஏறப் போன ஒருவரின் அறுந்துகொண்டிருந்த இடுப்புக் கயிறு. ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. காலை ஏழிலிருந்து எட்டுவரை அவள் வாசலில் உட்கார வேண்டும் என்று ஊரே முடிவு பண்ணிவிட்டது. தூரம் போகிற லாரிகள் அந்த வாசலைத் தாண்டி மெதுவாகப் போயின. பொண்ணு பார்க்கப் போகிறவர்கள், பல் பிடுங்கப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு நிமிசம் நின்றுவிட்டுப் போனார்கள். அதற்கு 'முடி பாக்கறது' என்று பெயரும் வந்துவிட்டது. "ஏனுங்க, முடி பாத்துட்டீங்களா?" என்று கேட்டுத்தான் புருசனை வண்டியில் அனுப்பினார்கள்.

டாக்டரும் ஒருநாள் காரில் வந்தார். போட்டோ எடுத்தார், வேரைத் தொட்டுப் பார்த்தார், சந்தோசத்தில் காபி குடித்தார். கிளம்பும்போது முடி எழுந்து அவருடைய கார்ப்பக்கம் சாய்ந்தது. அவர் படித்தவர், நம்ப மாட்டேன் என்றார். பிறகு காரை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டு பஸ்சில் போனார். கார் அங்கே ஒரு வாரம் கிடந்தது, உள்ளே பூனை குட்டி போட்டது.

ஊருக்கு நிம்மதியோ நிம்மதி. யாரும் டயரைத் தட்டிப் பார்ப்பதில்லை, யாரும் கேஸை மூடினோமா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. முடி நிற்கவில்லையென்றால் ஆபத்தில்லை, அவ்வளவுதான். ஊரில் இருந்த பயத்தையெல்லாம் கொண்டுவந்து அந்த ஒரு வாசலில் இறக்கிவிட்டு, கையை வீசிக்கொண்டு போனார்கள்.

இறக்கிய பயம் எங்கே போகும்? சங்கவிக்குள் போனது. முடி நிற்கும்போது அது வெறும் முடியாக நிற்பதில்லை. நெஞ்சுக்குள் ஒரு கை புகுந்து பிசையும். வியர்த்து ஊற்றும். ஒருநாள் காலையில் நாலு பேருக்கு நின்றால் நாலு தடவை செத்துப் பிழைப்பாள். முன்பெல்லாம் தைரியசாலி என்று பெயர் வாங்கியவள், இப்போது குக்கர் விசிலுக்குத் துள்ளினாள், தனியாகக் குளிக்கப் பயந்தாள், நாய் குரைத்தால் கதவைச் சாத்தினாள். ஆனால் ஜடை போட முடிந்தது. இரண்டு ஜடை, இரண்டு ரிப்பன். அதற்காக இந்தப் பயத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உண்மை அதுதான்.

மரகதத்துக்கு என்ன ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை, சங்கவியும் லேட்டாகத்தான் கவனித்தாள். முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. அம்மா இடிக்குச் சாப்பிடவில்லை. தெரியாத நம்பரை எடுத்து, "யாருங்க நீங்க, சும்மா சும்மா போன் பண்ணாதீங்க" என்று சிரித்தாள். வயிறு பாதியாகியிருந்தது. அப்புறம் ஒருநாள் காய்க் குவியலிலிருந்து நெளிந்து வந்த கட்டுவிரியனை வாலைப் பிடித்துத் தூக்கி, வேலிக்கு அக்கட்டால வீசிவிட்டு, அதே கையால் தண்ணீர் குடித்தாள். களத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். தேங்காய் வெட்டும்போது கையைப் பார்க்காமல் பேபியக்காவோடு பேசிக்கொண்டே வெட்டினாள். கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கினாள், கை வெந்து தோல் உரிந்தாலும் மறுநாளும் அப்படியே இறக்கினாள். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்க்காமல் நேராக நடந்தாள், லாரிகள் கிரீச்சிட்டு நின்றன.

"அம்மா, பாத்துப் போ!"

"என்னத்தப் பாக்கறது? அவனுக்குக் கண்ணு இல்லியா?"

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. புருசன் போனவள் இப்போதுதான் ஆளாகியிருக்கிறாள் என்றது. ஆனால் ஒன்றை மட்டும் ஊரால் செரிக்க முடியவில்லை. மரகதத்தின் தம்பி செங்கோடன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஒருநாள் வந்து, "அக்கா, வேண்டுதல் நிக்குது. எப்ப மொட்டை? தாய்மாமன் மடி தயாரா இருக்குது" என்றான்.

மரகதம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எதுக்கு? புள்ளைக்கு முடி அழகா இருக்குதுல்ல" என்றாள்.

"ஆத்தாகிட்டச் சொன்னது..."

"சொன்னேன். இப்ப இல்லைங்கறேன். என்ன பண்ணிரும்?"

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டான். வாசலில் இருந்த பேபியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாம்பைப் பிடித்ததைக் கை தட்டிப் பார்த்தவர்கள், சாமியைப் பார்த்து என்ன பண்ணும் என்று கேட்டதும் ஒரு வாரம் மரகதத்தோடு சரியாகப் பேசவில்லை.

கடைசியில் செங்கோடன்தான் சமாதானம் பண்ணினான். முழு மொட்டை வேண்டாம், பூமுடி கொடுத்து ஆத்தாளிடம் தவணை வாங்கலாம், மூன்று கொத்து வெட்டினால் போதும் என்றான். சங்கவிக்கும் அது சரியென்று பட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை லோடு ஆட்டோவில் போனார்கள். கோயிலுக்குப் பின்னால் முடி இறக்குகிறவர் கத்தரியைத் தண்ணீரில் நனைத்தார். செங்கோடன் பலகையில் சம்மணம் போட, சங்கவி அவன் மடியோரம் தலையைக் குனிந்தாள். எதிரே கல்லடுப்பில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. மரகதம் வழக்கம்போல வெறுங்கையைப் பானைக்கு நீட்டினாள்.

கத்தரி மூன்று முறை நறுக்கியது. மரகதத்தின் கை பாதியில் நின்றது. அவள் பானையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "அடேங்கப்பா, சுட்டுப்போடும்" என்று முணுமுணுத்து முந்தானையைச் சுருட்டிப் பிடித்து இறக்கினாள்.

அன்றிலிருந்து மரகதம் பானையைத் துணி போட்டுத்தான் இறக்கினாள். மற்ற எதற்கும் பயப்படவில்லை. பாம்பும் ரோடும் கொடுவாளும் அப்படியேதான். மூன்று கொத்து முடிக்கு எவ்வளவு பயமோ அவ்வளவுதான் அவளுக்குத் திரும்பியிருந்தது. வெட்டிய இடத்தில் முடி மறுபடி வளரவும் இல்லை.

சங்கவிக்குப் புரிந்துவிட்டது. மடியோரம் குனிந்திருந்தபோதே, அம்மாவின் கை நின்றதைப் பார்த்த நொடியிலேயே புரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு நாள் சொல்லவில்லை. முடி இப்போது இடுப்புக்கு வந்திருந்தது. மறுபடி பள்ளிக்கூடத்தில் சேரலாமா, அந்த ரிப்பன் இழுத்தவள் முன்னால் போய் நிற்கலாமா என்றெல்லாம் ஆசை. அம்மா இத்தனை நாள் நன்றாகத்தானே இருக்கிறாள், இனியும் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரியும்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. களத்துக் கிணற்றில் மோட்டாருக்குத் தண்ணீர் ஏறவில்லை, அடியில் வால்வில் ஏதோ சிக்கிக்கொண்டது. எண்பதடிக் கிணறு. பாதிவரைதான் படி, அதற்குக் கீழே ஒன்றிரண்டு கல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கிணற்றில் இறங்குகிற ஆள் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். நல்லசிவம் தலையைச் சொறிந்தபோது மரகதம் கொடுவாளைக் கீழே வைத்தாள். "அவரு எதுக்குங்க? திங்கக்கிழமை காலைல நானே எறங்கி எடுத்துப் போடறேன்."

நாலு தெரு தள்ளி வீட்டுக்குள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சங்கவியின் முடி அந்த நொடியில் எழுந்தது.

டயருக்கு அரை மணி நேரம் நின்ற முடி, நெஞ்சுவலிக்கு அரை நாள் நின்ற முடி, இந்தத் தடவை படியவே இல்லை. சனிக்கிழமை முழுக்க நின்றது. தூக்கத்திலும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை நின்றது. அம்மா சமையலறைக்குப் போனால் சமையலறைப் பக்கம் திரும்பியது, அம்மா கொல்லைக்குப் போனால் கொல்லைப்பக்கம் திரும்பியது. சங்கவியால் ஒரு வாய்ச் சோறு விழுங்க முடியவில்லை, பல்லும் பல்லும் அடித்துக்கொண்டன.

"அம்மா, கிணத்துக்கு எறங்காத. உன்ற காலப் புடிக்கறேன்."

மரகதம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தடவிய கைக்கடியில் முடி கம்பி மாதிரி விறைத்து நின்றது. "ஏங்கண்ணு இப்புடி நடுங்கற? எனக்கு ஒண்ணுமே தோணலியே" என்றாள். அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

சங்கவி களத்துக்கு ஓடினாள். நல்லசிவம், சின்னராசு, பேபியக்கா எல்லாரும் நிற்கிற தலையைப் பார்த்தார்கள். பயந்தார்கள். யாருக்கு என்று கேட்டார்கள். அம்மாவுக்கு என்று சொன்னதும் எல்லார் முகமும் தெளிந்துவிட்டது.

"அட, உன்ற அம்மாளுக்கா? அப்ப அது கணக்குல வராது அம்முணி" என்றார் நல்லசிவம். "சோசியக்காரன் சொந்தக் குடும்பத்துக்கு ஜாதகம் பாப்பானா? பாத்தாலும் பலிக்காது. முடி யாரு ஒடம்புல இருந்து வந்துச்சு? அவ ஒடம்புக்கு அதுவே எப்புடிச் சொல்லும்?"

"ஆமாங்க, அது சும்மா பாசத்துல நிக்குது" என்றாள் பேபியக்கா.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

"அப்ப நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றாள் சங்கவி. இத்தனை நாள் மறைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள். பூமுடி, பானை, துணி, எல்லாம்.

அதற்குத்தான் ஊர் நிஜமாகப் பதறியது. "மொட்டையா? நல்லாருக்குதே! இந்த வாரம் நான் நாக்பூர் லோடு போறேன், எனக்கு யாரு முடி பாக்கறது?" என்று சின்னராசு குரலை உயர்த்தினார். பேபியக்கா தன் மருமகளுக்கு மாசம் ஒன்பது என்றாள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முடி இறக்குகிறவருக்குப் போன் போட்டு, அந்தப் பிள்ளை வந்தால் கத்தியை எடுக்காதீங்க என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை மரகதம் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கயிற்றின் ஒரு முனையைத் தென்னையில் கட்டி, கிணற்று மேட்டுக் கல் வழியாகத் தொங்கவிட்டு, மறுமுனையை அவள் இடுப்பில் முடிந்தார்கள். செங்கோடனும் நாலு ஆட்களும் கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு பழசா புதுசா என்று ஒருத்தரும் விரலால் நீவிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கமே ஊரில் போய்விட்டிருந்தது. மரகதம் பாட்டு முனகிக்கொண்டே படி இறங்கினாள், படி முடிந்த இடத்தில் காலை உதறிவிட்டுக் கயிற்றில் தொங்கினாள். ஊஞ்சல் ஆடுகிற பிள்ளை மாதிரி சிரிக்கிற சத்தம் மேலே கேட்டது.

சங்கவி ஓடி வந்து கிணற்று மேட்டில் விழுந்தாள். முடி மொத்தமும், இடுப்பளவு முடி மொத்தமும், ஆணி ஆணியாக விறைத்து நேரே கிணற்றுக்குள் நீண்டது. அவள் தலையையே அது உள்ளே இழுத்தது. அவளுக்கு நடுக்கத்தில் கண் தெரியவில்லை. பக்கத்துக் காய்க் குவியல்மேல் அம்மாவின் கொடுவாள் கிடந்தது, அதைத் தடவி எடுத்தாள்.

"புள்ளையைப் புடிங்க!" என்று நல்லசிவம் கத்தினார். கயிற்றில் இருந்தவர்கள் கையை விட முடியாது. மற்றவர்கள் கொடுவாளைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

அவள் முடியைக் கொத்தாக இடது கையில் பிடித்து, தேங்காய் வெட்டுகிற மாதிரி வெட்டினாள். முதல் கொத்து கிணற்றுக்குள் போனது. பாட்டு நின்றது. இரண்டாவது கொத்து, மூன்றாவது. சிரிப்புச் சத்தம் இல்லை. அழுதுகொண்டேதான் வெட்டினாள், அம்மாவுக்காக மட்டும் இல்லை, முடிக்காகவும்தான் அழுதாள். ரிப்பன் சிக்கிய கொத்து ஒன்று அப்படியே சுழன்று சுழன்று இருட்டுக்குள் இறங்கியது. இன்னொன்று அதன் பின்னால் போனது.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. மாசக்கணக்காக யாரும் கேட்காத குரல்.

"செங்கோடா... டேய் செங்கோடா... நான் எங்கடா தொங்கிட்டிருக்கறேன்?"

"கிணத்துலக்கா!"

"அய்யோ!" அந்த அலறலில் கிணற்றுப் புறாக்கள் எல்லாம் மேலே பறந்தன. பிறகு, "கயிறு! மேல பாருங்கடா, கல்லுல தேஞ்சு பிரியுது! ரெண்டு புரிதான் இருக்குது! அய்யோ, நான் பாக்காமயே வந்துட்டனே!"

பயந்தவள் அண்ணாந்து பார்த்தாள். அதனால் கண்ணில் பட்டது. பயந்தவள் சுற்றியும் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது, அதைத் தாவி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட அதே மூச்சில் கயிறு அறுந்து விழுந்தது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் மேலே வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

வேறு கயிறு கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை ஆளாளுக்கு நீவிப் பார்த்தார்கள், சின்னராசு பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். செங்கோடன் படிவழியே இறங்கி, தொங்கி, அக்காளை இடுப்போடு கட்டினான். ஆனால் கல்லைப் பிடித்த கையை அவளால் விட முடியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மேலே வந்ததும் அவள் கிணற்றைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மகளின் தலையைத்தான் பார்த்தாள். அங்கங்கே பிசிறு பிசிறாக முடி, நடுவில் கொடுவாள் கீறி ரத்தம்.

கிணற்றுக்குள் அலறியதைவிடப் பெரிதாக அலறினாள்.

மறுநாள் மிச்சமிருந்த பிசிறையும் காட்டுநாச்சிக்கு இறக்கினார்கள். ஊர் தடுக்கவில்லை. செங்கோடன் மடியில் சங்கவி தலை குனிந்திருக்க, மரகதம் முடி இறக்குகிறவரை ஒரு நிமிசம் சும்மா விடவில்லை.

"புது பிளேடுங்களா?"

"புதுசுதாங்க்கா."

"நான் பாக்கற மாதிரி மாத்துங்க. மெதுவாங்க, காதுப்பக்கம் மெதுவா. நேத்து கீறின எடம், பட்டுறப் போகுது. செங்கோடா, ஆட்டாத இருடா!"

"அக்கா, நான் மூச்சுதான் உட்டேன்."

முடி அப்புறம் வளரவில்லை. சின்னராசு நாக்பூர் போவதற்கு முன்னால் எல்லா டயரையும் தட்டிப் பார்த்து, திரும்ப ஒரு சுற்றுத் தட்டினார். பேபியக்கா பாதி வழியில் திரும்பி வந்து கேஸை மூடினோமா என்று பார்த்தாள். முதல் நாலு நாள் யாரும் சங்கவியின் முகத்தைப் பார்க்கவில்லை, அஞ்சாம் நாள் ஒரு தட்டு வடகம் வந்தது. வெளியே போகும்போது அவள் துப்பட்டா சுற்றிக்கொண்டாள். அதற்கு இன்னும் வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

வடகம் வந்த அன்று மத்தியானம் இடி இடித்தது. பெரிய இடி, ஜன்னல் அதிர்ந்தது. சங்கவி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சத்தம் வந்தது, போனது. கண்ணைத் திறந்து அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா சுவரோரமாக ஒடுங்கி நின்றுகொண்டு குண்டாவிலிருந்து வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் திருட்டுப் பிள்ளை மாதிரி மெல்லுவதை நிறுத்தினாள்.

சங்கவி தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, அதன்மேல் ரசத்தை ஊற்றி, அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னொரு கரண்டி போடட்டுமா?" என்று கேட்டாள்.